சதங்கையும் கறுப்பு அங்கியும்

வெள்ளவத்தையில் அண்மையில் ஓர் அரங்கேற்றத்துக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. மண்டபம் நிறைந்த கூட்டம். அலாரிப்பு முதல் தில்லானா வரை குறைசொல்ல இடமின்றி ஆடிய அந்தப் பிள்ளையை வாழ்த்த மேடையேறிய பிரதம விருந்தினர் ஒரு மூத்த சட்டத்தரணி. அவர் தம் உரையை முடிக்கும்போது, “இந்தப் பிள்ளை அடுத்த வருடம் சட்டம் படிக்கப் போகிறார் என்று அறிந்து பெரிதும் மகிழ்ச்சியடைகிறேன்” என்றார். அவ்வளவுதான், கரகோஷம் எழுந்தது. இரண்டரை மணி நேரம் ஆடிய ஆட்டத்துக்குக் கிடைத்ததிலும் பார்க்க அது பெரிய கரகோஷம் என்பதை அங்கிருந்த எவரும் மறுக்கமாட்டார்கள். பக்கவாட்டில் நட்டுவாங்கத் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த ஆசிரியையின் முகத்தை நான் பார்த்தேன். அவரும் கைதட்டினார். கொஞ்சம் பிந்தித் தட்டினார்.

கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிய கதையன்று. ஆறு, ஏழு வயதில் தட்டிக்கழி முன்னால் உட்காரவைக்கப்படும் பெண்பிள்ளை, வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை ஒவ்வொன்றாகக் கடந்து, பதினாறு பதினேழு வயதில் அரங்கேறி, அத்துடன் சதங்கையைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிடுகிறாள். பின்னர் மருத்துவம், கணக்கியல், சட்டம் என்று அவள் பாதை பிரிகிறது. இவற்றில் சட்டத்துக்குப் போனவர்களைப் பற்றியே இன்று எழுத எண்ணினேன். ஏனெனில், ஆடலரங்குக்கும் நீதிமன்றத்துக்கும் இடையில் நம்மவர் பலர் நினைப்பதைவிட நெருங்கிய, பழைய உறவொன்று உண்டு. அந்த உறவில் நன்றியும் இருக்கிறது. தீராத கடனும் இருக்கிறது.

புதுக்கடை நீதிமன்றச் செய்திகளை எழுதித் திரிந்த காலத்தில், முன்னாளில் நன்றாக ஆடியவர் என்று பெயரெடுத்த ஒரு பெண் சட்டத்தரணியைச் சந்திப்பதுண்டு. “மேடைப் பழக்கம் இங்கே உதவுகிறதா?” என்று ஒருமுறை கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “உதவுது அண்ணை. நிமிர்ந்து நிக்கத் தெரியும், மூச்சை அடக்கத் தெரியும், நீதவான்ரை முகத்தைப் பாத்து எங்கை நிப்பாட்டோணும் எண்டும் தெரியும். ஆனா வெற்றி கிடைச்சாலும் உடம்பு சந்தோசப்படுறேல்லை. ஆடி முடிச்சால் உடம்பெல்லாம் சந்தோசப்படும்.” இந்தப் பதில் பல ஆண்டுகளாக என் மனதை விட்டு அகலவில்லை.

* * *

நமது நாட்டில் நியாயவாதியும் அரங்கக் கலையும் முதலில் கைகோத்த இடத்தைத் தேடினால், கொட்டாஞ்சேனைப் பக்கமே கால்கள் செல்லும். கொச்சிக்கடை ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுவியவர் பொன்னம்பல முதலியார். அவருடைய மைத்துனர் சேர் முத்துக்குமாரசுவாமி (1834–1879). இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் 1863இல் பாரிஸ்டராக அனுமதிக்கப்பட்ட இவர், கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவராக அந்தத் தகுதியைப் பெற்றவர்களில் முதலாமவர் எனப் போற்றப்படுபவர். அதே 1863இல்தான் அவர் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் வெளியிட்டார். சட்டத்தின் அரங்கத்துள் நுழைந்த அதே ஆண்டில், உண்மைக்காக எல்லாவற்றையும் இழந்த மன்னனின் நாடகத்தை அவர் தேர்ந்தெடுத்தது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய மகன் ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்து, இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தையை இழந்தவர். புவிச்சரிதவியல் கற்று, இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக இருந்த அவர், பின்னர் கலைவரலாற்றின் பக்கம் திரும்பினார். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தை துக்கிரால கோபாலகிருஷ்ணய்யாவுடன் இணைந்து அவர் ஆங்கிலத்தில் பெயர்த்து 1917இல் வெளியிட்டபோது, சென்னையிலேயே ஆடலைப் பற்றிக் கண்ணியமாகப் பேசத் தயங்கிய காலம் அது. மறு ஆண்டில் வெளிவந்த ‘சிவ நடனம்’ கட்டுரைத் தொகுதி நடராஜ வடிவத்தை உலகின் கண்முன் நிறுத்தியது. மொத்தத்தில், ஆடலைக் கூத்தாட்டம் என்று ஒதுக்கிய சமூகத்துக்கு அதன் பெருமையை எடுத்துச் சொன்னவர்களுள் ஒருவர் கொழும்பு நியாயவாதி ஒருவரின் மகன்.

கோயில் திருவிழாக்களில் அன்று ஆடப்பட்டது சின்னமேளம். தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட ஆடற்பெண்கள் யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் ஆடினார்கள். ஆறுமுக நாவலர் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். சின்னமேளம் பார்க்கச் செல்வதை ஒளித்துச் சென்ற தலைமுறையின் பேத்திகள்தான் இன்று வெள்ளவத்தையில் பட்டுச்சேலைச் சபையின் முன் அரங்கேறுகிறார்கள். இடையில் நடந்தது என்ன? அந்தக் கதையின் நடுவில் ஒரு வழக்கறிஞர் நிற்கிறார்.

* * *

சென்னை சுகுண விலாச சபையை 1891இல் தொடங்கியவர் பம்மல் சம்பந்த முதலியார். தாமே வழக்கறிஞர், பின்னாளில் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதி. படித்தவர்களும் உத்தியோகத்தர்களும் நடிக்கலாம், அதனால் மானம் போகாது என்று நிலைநாட்டியது அந்தச் சபை. 1910களில் இச்சபையினர் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்து நாடகமாடினர். அவற்றைப் பார்த்து மனம் மாறியவர்களுள் முதன்மையானவர் நம் கலையரசு சொர்ணலிங்கம். சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டு இலங்கையில் படித்தவர் நாடக சபைகளை அவர் வளர்த்த கதை நம்மவர் அறிந்ததே.

அதே சுகுண விலாச சபையின் மேடையில் பெண் வேடங்களில் தோன்றிய ஓர் இளைஞர்தான் ஈ. கிருஷ்ண ஐயர். 1897இல் திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று, உயர் நீதிமன்றத்தில் வழக்காடத் தொடங்கியவர். காளிதாசனின் மாளவிகாக்கினிமித்திரத்தில் மாளவிகையாக நடிக்க நேர்ந்தபோது, ஆடத் தெரியாமல் மாளவிகையாக முடியாது என்பதற்காகச் சதிர் பயின்றார். பின்னர் மெலட்டூர் மரபில் வந்த நடேச ஐயரிடம் முறையாகக் கற்றார். பகலில் கறுப்பு அங்கி, மாலையில் சதங்கை என்ற இரட்டை வாழ்க்கை அங்கிருந்து ஆரம்பமாயிற்று.

இன்றைய பிள்ளைகள் ஆடலிலிருந்து சட்டத்துக்குப் போகிறார்கள். அவர் சட்டத்திலிருந்து ஆடலுக்குப் போனவர். நீதிமன்றத்தில் மதிப்போடு வாதாடும் ஒருவர் பெண் வேடமிட்டு மேடையில் சதிர் ஆடியது அன்றைய சென்னைக்கு எத்தகைய அதிர்ச்சி என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அவருக்கு வேண்டியதும் அந்த அதிர்ச்சிதான். ‘படித்த, குலத்தில் குறைசொல்ல முடியாத ஓர் ஆண் ஆடினால் ஆட்டத்தில் ஒழுக்கக்கேடு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்’ என்ற கேள்வியைத் தம் உடம்பாலேயே சபையின் முன் வைத்தார். வழக்கறிஞர் மொழியில் சொல்வதானால், அவரே சாட்சி, அவரே சான்றுப்பொருள்.

1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக, 1928இல் சங்கீத வித்வத் சபை தோன்றியது. அதன் செயலாளர்களுள் கிருஷ்ண ஐயர் ஒருவர். 1931 மார்ச் 15ஆந் திகதி, கல்யாணியின் புதல்விகளான ராஜலட்சுமி, ஜீவரத்னம் இருவரின் சதிர்க் கச்சேரியைச் சபையின் மேடையில் ஏற்பாடு செய்தார். வந்தவர்கள் சொற்பம்.

1932இன் இறுதியில் பெரும் விவாதம் மூண்டது. பொப்பிலி அரசருக்கு அளிக்கப்பட்ட வரவேற்பில் சதிர் இடம்பெற்றதைக் கண்டித்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பத்திரிகைகளில் எழுதினார். கிருஷ்ண ஐயர் மறுப்பு எழுதினார். ஆங்கிலப் பத்திரிகைகளின் பக்கங்களில் வாரக்கணக்கில் அந்த வாதம் நடைபெற்றது. அந்த மாநாட்டுக் காலத்திலேயே சதிர் என்ற பெயருக்குப் பதிலாகப் பரதநாட்டியம் என்ற பெயரைச் சபை ஏற்றுக்கொண்டது. சச்சரவே சிறந்த விளம்பரமாயிற்று. 1933 புத்தாண்டு நாளில் அதே சகோதரியர் மீண்டும் ஆடியபோது மண்டபம் நிரம்பியது. அவ்வாண்டே இளம் பாலசரஸ்வதியும் சபையின் மேடையில் ஆடினார்.

* * *

இந்த வாதத்தை வாசிக்கும்போது, ஒரு பக்கம் கலைப்பற்றும் மறுபக்கம் கலைவெறுப்பும் மோதின என்று எண்ணிவிடல் கூடாது. முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்த வீடுகளில் சிறு பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறிந்தவரல்லர். 1912இல் மருத்துவரானவர், 1927இல் சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினரானவர். தாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரியதாக்கும் திருத்தத்தை 1929இல் நிறைவேற்றச் செய்தார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் மசோதாவை 1930இல் முன்வைத்தார். அது சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிருஷ்ண ஐயரின் நிலைப்பாடு வேறு. பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழியட்டும், ஆனால் அதனோடு சேர்த்து ஆட்டத்தையும் கொன்றுவிட வேண்டாம் என்றார். இன்று திரும்பிப் பார்க்கும்போது இருவரும் தத்தம் வழக்கில் வென்றார்கள் என்றே சொல்ல வேண்டும். பொட்டுக்கட்டுதல் சட்டவிரோதமாயிற்று. ஆட்டமும் பிழைத்தது. இருவரும் ஒரே ஆண்டில், 1968இல், மறைந்தனர்.

ஆனால் அந்த ஆட்டத்தை நூற்றாண்டுகளாக உடம்பில் சுமந்து வந்த பெண்கள்? இங்கேதான் என் பேனா தயங்குகிறது. புதிய பெயரும் புதிய மரியாதையும் பெற்ற கலை, புதிய குடும்பங்களின் பிள்ளைகளிடம் சென்று சேர்ந்தது. பழைய குடும்பத்துப் பெண்களில் பாலசரஸ்வதி போன்ற சிலரே மேடையில் நிலைத்தனர். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாள், ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் அபிநயம் கற்பித்த பேராசிரியை. அவர் இறுதிக் காலத்தை வறுமையில் கழித்து 1971இல் காலமானார். பலர் தம் பிள்ளைகளை ஆட்டத்தின் பக்கமே போகவிடவில்லை. வழக்கு வென்றது. கட்சிக்காரர் தோற்றார். நீதிமன்ற வாசலில் எத்தனையோ முறை கண்ட காட்சி அது.

அவர்களுக்கு அன்று தேவைப்பட்டது பத்திரிகையில் வாதாடும் பெரியவர் மட்டுமல்லர். தம் வீட்டிலிருந்தே சட்டம் படித்த ஒரு பெண், தமக்காகப் பேசும் ஒரு பெண், தேவைப்பட்டாள். முத்துலட்சுமி ஓரளவு அந்த இடத்தில் இருந்தார். ஆனால் ஆட்டத்தை நேசித்துக்கொண்டே சட்டத்தையும் அறிந்த ஒருத்தி அந்த மரபிலிருந்து அன்று எழவில்லை. எழுவதற்கு வழியும் இருக்கவில்லை.

* * *

வழி ஏன் இருக்கவில்லை என்பதற்கு இலங்கையைப் பார்த்தாலே போதும். கொழும்பில் பிறந்த பார்சிப் பெண் ஆவாபாய் மேத்தா (பின்னர் வாடியா), 1932இல் இங்கிலாந்தின் பாரிஸ்டர் பரீட்சையில் தேறிய முதல் இலங்கைப் பெண்ணானார். பெண் என்ற காரணத்தால் சட்டத் தொழிலில் இருந்த தடையை நீக்கும் கட்டளைச் சட்டம் இங்கே 1933இல்தான் வந்தது. அதற்குச் சற்று முன்னர், 1932இல், கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதியில் திருமதி நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவருடைய கணவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்துவின் தெரிவைத் தேர்தல் மனு வழக்கில் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியமையால் ஏற்பட்ட வெற்றிடம் அது. நீதிமன்றத்தின் தீர்ப்பொன்று வாசலைத் திறக்க, ஒரு தமிழ்ப் பெண் சட்டமியற்றும் சபைக்குள் சென்றார்.

இந்த ஆண்டுகளை ஒருசேர வைத்துப் பாருங்கள். 1931, 1932, 1933. ஒருபுறம் சென்னையில் சதிர் பரதநாட்டியமாகிக் குடும்பப் பெண்களுக்குரியதாகிறது. மறுபுறம் கொழும்பில் நீதிமன்றமும் சட்டசபையும் பெண்களுக்குத் திறக்கின்றன. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அரங்கமும் நீதிமன்றமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் திறந்த இரு கதவுகள். ஒன்றால் நுழைந்தவர் மற்றதை மூடிவிட்டுத்தான் போக வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதப்படவில்லை. அதை எழுதியவர்கள் நாம்தான்.

* * *

இரு கதவுகளாலும் நுழைந்து காட்டிய ஒருவர் ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986). அவருடைய ஆடல் வாழ்க்கை பாலே நடனத்தில் தொடங்கியது என்பது நம்மில் பலர் கவனியாத செய்தி. ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் மயங்கிய அவர், பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். உம்முடைய நாட்டின் ஆடலைத் தேடிப்போம் என்று ஊக்கியவர் பாவ்லோவாவே. அந்தத் தேடலில் ருக்மிணி தேவிக்குச் சதிரைக் காட்டி வழிதிறந்தவர்களுள் ஒருவர், மேலே சொன்ன வழக்கறிஞர் கிருஷ்ண ஐயர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1935 டிசெம்பரில் அடையாற்றுப் பிரம்மஞான சபை விழாவில் அவர் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரம் உருவாயிற்று. ஈழத்திலிருந்து அங்கு சென்று பயின்று திரும்பிய ஆசிரியைகளின் மாணவியர் இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மூன்றாந் தலைமுறையாகக் கற்பிக்கிறார்கள்.

அதே ருக்மிணி தேவி 1952இல் இந்திய மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். கலைஞர் என்ற கௌரவத்துக்காக ஓர் ஆசனத்தில் அமர்ந்துவிட்டு வரவில்லை. பிராணிகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் தனிநபர் மசோதாவொன்றை மறு ஆண்டே கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளிக்க, அது மீளப்பெறப்பட்டது. 1960இல் அச்சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதற் தலைவரும் அவரே. பாலேயில் தொடங்கிய கால்கள் சட்டப் புத்தகம் வரை நடந்தன. நடந்தபோதும் ஆட்டத்தை அவை விடவில்லை. பரதத்தில் சிருங்காரத்தைக் குறைத்துவிட்டார் என்று பாலசரஸ்வதி பக்கத்தவர் அவர்மீது சொன்ன குறை இன்றுவரை நிற்கிறது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஆடியவள் சட்டமும் இயற்றலாம் என்பதற்கு அவரைவிடத் தெளிவான உதாரணம் நம் பக்கத்தில் இல்லை.

* * *

மேலைநாட்டுப் பாலே கலைஞருக்கு வேறு தொழிலைத் தேடுவது விருப்பமன்று, கட்டாயம். நம் பரதத்தில் அறுபது வயதிலும் அபிநயம் செய்யலாம். வயது கூடக்கூட அது கனியும். பாலேயில் முழங்காலும் கணுக்காலும் முப்பத்தைந்தை அண்டும்போதே விடைபெறச் சொல்லிவிடும். பத்து வயதில் பள்ளியில் சேர்ந்து வேறெதுவும் கற்காதவர் அந்த வயதில் என்ன செய்வார்? இதற்காகவே 1970களில் பிரித்தானியாவிலும் 1985இல் நியூயோர்க்கிலும் நடனக் கலைஞர்கள் மறுதொழில் பெற உதவும் அமைப்புகள் தோன்றின. அவற்றின் துணையோடும் துணையின்றியும் சட்டம் பயிலச் செல்பவர்கள் உண்டு. நாள்தோறும் பிழைதிருத்தப்பட்டுப் பழகிய ஒருவருக்கு சட்டக் கல்வியின் கடுமை புதிதாகத் தெரிவதில்லை.

பாரிஸ் ஒப்பெரா நடனக் கலைஞர்களுக்கு 42 வயதில் ஓய்வூதியம் உண்டு. அவர்களுக்கான விசேட ஏற்பாடு 14ஆம் லூயி மன்னன் காலத்தில், 1698இல் வேர்கொண்டது. 2019இல் பிரெஞ்சு அரசு ஓய்வூதியச் சீர்திருத்தம் கொண்டுவர முனைந்தபோது, டிசெம்பர் 24ஆந் திகதி அவர்கள் ஒப்பெராவின் வாசற்படிகளில், குளிரில், அன்னத் தடாகத்தின் ஒரு பகுதியை ஆடித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். தங்கள் உரிமை எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்பதை அறிந்த ஆட்டக்காரர்கள் அவர்கள்.

அறியாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. நவீன நடனத்தின் தாய் எனப்படும் மார்த்தா கிரஹாம் 1991இல் மறைந்தார். தம் ஆக்கங்களை உயில் மூலம் ஒருவருக்கு விட்டுச் சென்றார். அவர் தொடங்கிய நடன நிலையமோ அவை தனக்கே உரியவை என்றது. 2002இல் நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பெரும்பாலான ஆக்கங்கள் நிலையத்துக்கே சொந்தம், ஏனெனில் அவர் அதன் சம்பளம் பெறும் ஊழியராக இருந்து அவற்றை ஆக்கினார். தம் வாழ்நாள் முழுவதும் படைத்தவை தமக்கே உரியவை என்று நம்பிய ஒரு மேதை, தாம் வழங்க முடியாதவற்றையே உயிலில் வழங்கியிருந்தார்.

* * *

நம் நிலைமைக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இலங்கையில் நடைமுறையில் உள்ளது. அதில் பாதுகாக்கப்படும் ஆக்கங்களின் பட்டியலில் நடன அமைப்பும் இருக்கிறது. பதிவு எதுவும் தேவையில்லை. ஆக்கிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆக்கியவரின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கிறது. மேடையில் ஆடுபவருக்கும் தம் ஆட்டத்தைப் பதிவுசெய்வது, ஒலிபரப்புவது குறித்துத் தனி உரிமைகள் உண்டு.

கொழும்பில் வர்ணமொன்றுக்கு மாதக்கணக்கில் ஜதியும் சஞ்சாரியும் அமைத்துக் கொடுக்கும் ஆசிரியைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் கேட்டுப் பார்த்தவர்களில் தெரியும் என்றவர் ஒருவரும் இல்லை. அரங்கேற்றம் காணொளியாகி இணையத்தில் ஏறுகிறது. அங்கிருந்து அதே அமைப்பு வேறோரிடத்தில் வேறொரு பெயரில் மேடையேறுகிறது. ஆசிரியைக்கு மிஞ்சுவது ஒரு பொன்னாடை. மாணவி சட்டத்தரணியாகி நல்ல நிலைக்கு வருகிறாள். ஆசிரியை அறுபது வயதிலும் தட்டிக்கழியோடு தரையில் அமர்ந்திருக்கிறார். ஊழியர் சேமலாப நிதி இல்லை, ஓய்வூதியம் இல்லை, எழுத்தில் ஒரு வரி ஒப்பந்தம் இல்லை. சென்னையில் 1930களில் நடந்ததன் சிறிய நிழல் இது. கலைக்கு மரியாதை வந்துவிட்டது. கலையைச் சுமப்பவருக்குப் பாதுகாப்பு வரவில்லை.

பெற்றோரைக் குறைசொல்ல நான் முன்வரவில்லை. 1983 ஜூலைக்குப் பின்னர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பமொன்று தன் பிள்ளைக்கு எதைத் தேடும்? எந்த ஊருக்குப் போனாலும் கைகொடுக்கும் ஒரு தொழிலைத்தான் தேடும். எரிந்த வீட்டிலிருந்து எடுத்துச் செல்லக்கூடியது படிப்பு மட்டும்தான் என்று கண்ட தலைமுறை அது. பொலிஸ் நிலையத்தில் பிள்ளையைப் பற்றிக் கேட்க ஒரு சட்டத்தரணியின் பின்னால் நின்றவர்கள், தம் வீட்டிலேயே ஒரு சட்டத்தரணி இருக்க வேண்டுமென விரும்பியதில் வியப்பென்ன? அதே தலைமுறைதான் தொரன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் பிள்ளைகளைத் தவறாமல் நடன வகுப்புக்கு அனுப்பியது. தமிழராய் இருக்க ஆடல், பிழைத்திருக்கச் சட்டம். இரண்டையும் ஒரே பிள்ளையின் தோளில் ஏற்றினோம்.

ஆகவே சட்டத்துக்குப் போகும் பிள்ளையைத் தடுக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். போகட்டும். கறுப்பு அங்கி அணியட்டும். அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரு பிரிவாக இருந்த தொழில் 1974இல் ஒன்றாகிச் சட்டத்தரணி என்ற ஒரே பெயர் பெற்றது. இரண்டாக இருந்தவற்றை ஒன்றாக்க முடியும் என்பதை நம் சட்டத் துறையே காட்டியிருக்கிறது. ஆடத் தெரிந்த சட்டத்தரணி ஒருத்தி, தன் ஆசிரியைக்காக ஒரு பக்கத்தில் எளிய ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கலாம். நடன அமைப்பின் உரிமை யாருக்கு, காணொளியை யார் வெளியிடலாம், கட்டணம் எப்போது செலுத்தப்படும் என்ற மூன்று வினாக்களுக்கு அதில் விடையிருந்தால் போதும். ஒரு மாலைப்பொழுது வேலைதான் அது. கொழும்பில் ஆடிவிட்டுச் சட்டத்துக்குப் போனவர்களில் பத்துப்பேர் இதைச் செய்தாலே, பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அரங்கேற்றம் முடிந்து வெளியே வந்தபோது, காலி வீதியில் வாகன நெரிசல் குறைந்திருந்தது. ஆசிரியை பக்கவாத்தியக்காரருக்கான உறைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அரங்கேறிய பிள்ளை, அலங்காரம் கலையாமல், படியில் அமர்ந்து சதங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாழ்த்திவிட்டு, “பிள்ளை, சட்டம் படிச்சு முடிச்சதும் முதல் கட்சிக்காரர் ஆர்?” என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. நான் ஆசிரியையின் பக்கம் கையைக் காட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சதங்கைகளைச் சேர்த்துக் கட்டி, பைக்குள் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.